ராபர்ட் ஹென்றி எலியட்

ராபர்ட் ஹென்றி எலியட் (1864 - 1936) சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கு இவர் 1909 இல் சென்னையில் செய்யத் தொடங்கிய துளையிடு அறுவை உலகெங்கும் பரவியது. பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை இவர் பெயரால் அமைந்தது அன்று. அது வேறோர் எலியட்டின் பெயர்.

சென்னைப் பணி

இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் பயின்ற எலியட், 1892 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். தொடக்கத்தில் பாம்பு நஞ்சு பற்றி ஆராய்ந்தார். 1904 இல் எழும்பூர் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1819 இல் தொடங்கப்பட்ட இம்மருத்துவமனை உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. கடலூர், சிதம்பரம் வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதையின் எழும்பூர் நிலையம் 1908 இல் இதன் அருகிலேயே திறக்கப்பட்டது.

ஊர் ஊராகச் சென்ற வைத்தியர்கள் ஊசியால் புரையை உள்ளே தள்ளிவிடும் பழைய முறையால் கெட்ட கண்களை எலியட் தொடர்ந்து ஆராய்ந்தார். அகற்றப்பட்ட கண்களை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய நூல் இத்துறையில் முதன்மையானது.

துளையிடு அறுவை

கண்ணின் உள்ளழுத்தம் மிகும்போது விழித்திரையின் நரம்புச் செல்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. ஒரு கண்ணில் அவை ஏறத்தாழ பத்து இலட்சம். மடிந்தவை மீண்டும் தோன்றா. எனவே இந்நோய்க்கான அறுவை இழந்த பார்வையைத் தருவதில்லை, எஞ்சியதைக் காக்கிறது. எலியட் கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில், மேற்படலத்தின் அடியில், ஏறத்தாழ 2 மி.மீ. அகலத் துளையிட்டு உள்நீர் கசிய வழி செய்தார். கிளாஸ்கோவின் பெர்கஸ் என்பவரும் அதே காலத்தில் இத்தகைய அறுவையைச் செய்தார். ஆயினும் அதை ஏராளமான நோயாளிகளுக்குச் செய்து, 1913 இல் நூலாக எழுதி நிலைநாட்டியவர் எலியட்டே.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் துளை வழியே தொற்று ஏறிக் கண்ணே போயிற்று. 1968 இல் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட புதிய அறுவை பின்னர் இதன் இடத்தைப் பிடித்தது.

எத்தனை செல்கள் மடிந்தன என்பதை எலியட்டால் உயிருள்ள கண்ணில் அறிய இயலவில்லை. நரம்பு முகப்பின் குழிவையும் பார்வைப் புலத்தின் குறைவையுமே அவர் நம்ப வேண்டியிருந்தது. புலம் குறைந்தது தெரியும் முன்பே செல்களில் கணிசமான பங்கு போயிருக்கும். 1991 இல் அறிவிக்கப்பட்ட ஓசிடி ஒளிப்படமுறை நரம்பிழைப் படலத்தின் தடிப்பை மைக்ரான் கணக்கில் அளக்க உதவியது. தனித்தனி நரம்புச் செல்களை உயிருள்ள மனிதக் கண்ணில் படம்பிடித்து எண்ணியதை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தார் 2017 இல் வெளியிட்டனர்.

பிற்காலம்

இங்கிலாந்து திரும்பிய எலியட் கிளாக்கோமா பற்றியும் வெப்பமண்டலக் கண் நோய்கள் பற்றியும் நூல்கள் எழுதினார். செப்படி வித்தையிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். இலண்டன் வித்தைக்காரர் சங்கத்தின் குழுவொன்றுக்குத் தலைவராக இருந்து, இந்தியக் கயிற்று வித்தையைத் திறந்தவெளியில் செய்து காட்டுவோர்க்கு 500 கினி பரிசளிப்பதாக 1934 இல் அறிவித்தார். 1936 இல் காலமானார்.