வண்ணாரப்பேட்டையின் தியாகராயர்: தறியிலிருந்து மன்றத்துக்கு

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் நோக்கி மெட்ரோ ரயிலில் போகிறவர்கள் அடுத்த நிறுத்தம் சர் தியாகராயா கல்லூரி என்ற அறிவிப்பைத் தினமும் கேட்கிறார்கள். பெருநாள் துணி எடுக்க நாம் தி.நகருக்குப் போகிறோம். அந்த 'தி' என்ற எழுத்தும் இதே மனிதரைத்தான் குறிக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ரிப்பன் மாளிகை முன்பு சிலையாக நிற்பவரும் அவரே. வடசென்னையின் நெசவுக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து, தென்னிந்திய அரசியலின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

மாறிக்கொண்டிருந்த உலகம்

தியாகராயர் 1852ஆம் ஆண்டு தேவாங்கர் சமூகத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். நெசவு அந்தச் சமூகத்தின் குலத்தொழில். அவர் பிறந்த காலம் உலகமே தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம். அவருக்கு நான்கு வயதானபோது, 1856 ஜூலையில், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்துகொண்டிருந்த கப்பல்கள் குறுக்கு வழியில் இந்தியாவை அடையத் தொடங்கின. தந்திக் கம்பி வழியாக லண்டன் சந்தையின் விலை நிலவரம் விரைவில் சென்னைக்குத் தெரியவந்தது.

இந்த மாற்றங்களால் எல்லோரும் பயனடையவில்லை. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே துணியிலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய பேட்டை இது. திருவொற்றியூர் அருகிலுள்ள காலடிப்பேட்டை, கம்பெனியின் ஆளுநர் ஜோசப் கோலெட் நெசவாளர்களுக்காக அமைத்த ஊர். அவருடைய பெயர்தான் மக்கள் நாவில் திரிந்து காலடி ஆனது. ஒரு காலத்தில் இங்கிலாந்து வாங்கிய துணி இங்கே நெய்யப்பட்டது. நீராவி எந்திரமும் விசைத்தறியும் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. லங்காஷயர் ஆலைத் துணி மலிவு விலையில் நம் கடைவீதிகளில் குவிந்தது. நூற்றாண்டுகளாகத் தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேலையிழந்தன. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், கையில் காசில்லாத நெசவாளியும் விவசாயக் கூலியும் முதலில் மடிந்தார்கள். அதே 1876இல்தான் பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் தொடங்கப்பட்டது. 1881இல் கர்நாடிக் மில் வந்தது. தறியை விட்டவர்கள் ஆலை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

கல்வியும் தொழிலும்

தியாகராயர் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்றவர்கள் அரசு உத்தியோகத்தையோ வழக்கறிஞர் தொழிலையோதான் நாடினார்கள். அவர் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். சுமார் நூறு தறிகள் கொண்ட நெசவுக்கூடத்தை நடத்தினார்.

பழைய தறியில் நெசவாளி நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி நெய்ய முடியாது. கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் முறையை ஜான் கே என்ற ஆங்கிலேயர் 1733இலேயே கண்டுபிடித்திருந்தார். அதே ஆளே அதே நேரத்தில் ஏறக்குறைய இருமடங்கு துணி நெய்ய முடியும். ஆனால் அந்த எளிய கருவி சென்னை மாகாணத்தின் கைத்தறிகளில் பரவலாக நுழைய 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதைத் தன் தறிகளில் பயன்படுத்தி, மற்றவர்களுக்கும் எடுத்துச் சொன்ன முன்னோடிகளில் தியாகராயர் ஒருவர். எந்திரத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும் கூடாது, அதற்கு முழுமையாக அடிமையாவதும் கூடாது என்பது அவருடைய அணுகுமுறையாக இருந்தது. இந்திய வணிகர்களுக்கென 1909இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வர்த்தக சபைக்கு அவர் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

நாற்பது ஆண்டு நகராட்சிப் பணி

1882இல் அவர் சென்னை மாநகராட்சி உறுப்பினரானார். 1922 வரை நாற்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் தொடர்ந்தார். குடிநீர், சாக்கடை, சாலை, பள்ளி என ஒரு நகரத்தின் அன்றாடக் கவலைகளோடு நாற்பது ஆண்டுகள் மன்றாடிய மனிதர் அவர். மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

அவர் தலைவராக இருந்த 1920ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு என்பது விதி. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. இன்று தமிழ்நாடே பெருமை பேசும் சத்துணவுக்கும் காலை உணவுக்கும் முன்னோடி அந்த ஓரணாத் திட்டம்தான்.

நீதிக்கட்சி பிறந்த கதை

நீண்ட காலம் காங்கிரசை ஆதரித்து வந்த தியாகராயர் 1916இல் தன் பாதையை மாற்றிக்கொண்டார். அதன் காரணத்தை அறிய அன்றைய கணக்கு ஒன்றைப் பார்த்தால் போதும். 1912இல் சென்னை மாகாணத்தில் 128 மாவட்ட முன்சீப்கள் இருந்தார்கள். மக்கள்தொகையில் சுமார் 3 சதவீதமாக இருந்த பிராமணர்கள் அவர்களில் 93 பேர். முஸ்லிம்கள் 2 பேர் மட்டுமே. ஆங்கிலக் கல்வியை முதலில் பற்றிக்கொண்டவர்களுக்கு அதிகாரமும் முதலில் கிடைத்திருந்தது.

மாநகராட்சியில் தியாகராயரோடு கடுமையாக மோதியவர் டாக்டர் டி.எம்.நாயர். திருவல்லிக்கேணி கோவில் குளம் தொடர்பான பிரச்சினையில் இருவருக்கும் பகையே மூண்டது. அந்த இருவரையும் ஒன்றுசேர்த்தவர் டாக்டர் நடேசனார். 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் கூடிய கூட்டத்தில் அவர்கள் தொடங்கிய இயக்கமே தென்னிந்திய நல உரிமைச் சங்கம் ஆனது. ஜஸ்டிஸ் என்ற ஆங்கில நாளேட்டின் பெயரால் மக்கள் அதை நீதிக்கட்சி என்றார்கள். தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திர பிரகாசிகா ஆகிய ஏடுகளும் நடந்தன.

முஸ்லிம்களுக்கு 1909 முதல் தனித்தொகுதி இருந்தது. பிராமணரல்லாதாருக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்று கட்சி போராடியது. அதை வாதாடச் சென்ற நாயர் 1919இல் லண்டனிலேயே இறந்தார். முடிவில் பொதுத் தொகுதிகள் 65இல் 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. காங்கிரஸ் புறக்கணித்த 1920 தேர்தலில் 98 இடங்களில் 63ஐ நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு ஆட்சி அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவர் அந்தப் பதவியை ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு பனகல் அரசர் வந்தார்.

1921இல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. ஒவ்வொரு துறையும் எந்தச் சமூகத்தினரை எத்தனை பேர் வேலைக்கு எடுத்தது என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் தனிப்பிரிவாக இடம்பெற்றார்கள். 1927இல் ஆணை முழு வடிவம் பெற்றபோது 12 இடங்களில் 2 முஸ்லிம்களுக்கு என்று வகுக்கப்பட்டது. 2007இல் நமக்குக் கிடைத்த 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது. சென்னை மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே 1921இல்தான்.

ஒரு கசப்பான அத்தியாயம்

அவருடைய வாழ்க்கையில் மறைக்கக்கூடாத பக்கமும் உண்டு. 1921இல் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றார்கள். வறுமை அவர்களைத் துரத்தியது. ஆலை நிர்வாகம் இந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஒரே ஆலையில் வேர்வை சிந்தியவர்கள் புளியந்தோப்பில் ஒருவரையொருவர் தாக்கினார்கள். குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அந்த நேரத்தில் தியாகராயர் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் நின்றார். அரசு ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டுவதே கலவரத்துக்குக் காரணம் என்று அவரும் கட்சியினரும் குற்றம் சாட்டினார்கள். பிராமணரல்லாதார் அனைவருக்கும் நீதி கேட்டுத் தொடங்கிய கட்சி, அவர்களில் கடைசிப் படியில் நின்றவர்களை நோக்கிக் கைநீட்டியது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா மனம் கசந்து 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார்.

நம் சமுதாயத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கை நியாயமாக இருந்திருக்கலாம். ஆனால் தங்களைவிட ஏழையான அண்டைவீட்டாரின் குடிசை எரிந்ததை எந்தக் கோரிக்கையும் நியாயப்படுத்தாது. மேலே இருப்பவரிடம் உரிமை கேட்கும் கை, கீழே இருப்பவரைத் தள்ளிவிடும் கையாகவும் இருக்க முடியும். அது அன்று நடந்தது. இன்றும் நடக்கக்கூடியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தியாகராயர் 1925இல் காலமானார். அந்த ஆண்டுகளில் உருவாகிவந்த புதிய குடியிருப்புக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரால் 1950இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் மீனவர், நெசவாளர், துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரிகள் பலர் வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

பதவி தேடி வந்தபோது விலகி நின்றதும், பகைவரோடு கைகோர்த்ததும், பெரிய மேடைகளுக்குப் போன பிறகும் தெருக் குழாயையும் பள்ளிக்கூடத்தையும் மறக்காததும் அவருடைய பலம். மாமன்ற உறுப்பினர் பதவியைச் சிறியதென்று நினைக்கும் நம் இளைஞர்கள் அவருடைய நாற்பது ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 1912இல் அந்த 2 முன்சீப்கள் என்ற எண்ணிக்கை நம்மைச் சுட வேண்டும். இன்று நம் மாவட்டத்தில் அந்த எண்ணிக்கை என்ன என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் கணக்கெடுக்க வேண்டும். அப்படிக் கணக்கெடுக்கும்போது புளியந்தோப்பையும் நினைவில் வைத்துக்கொள்வோம். நமக்குக் கிடைக்க வேண்டிய பங்கை உறுதியோடு கேட்போம். நம்மைவிடக் குறைவாகப் பெற்றவரின் பங்குக்காகவும் சேர்ந்தே கேட்போம்.