கட்டைவிரல் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி

இவ்வாண்டு இதழுக்கு ஓர் இசைமேதையின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கழகத்துத் தம்பி தங்கைகள் கேட்டார்கள். முன்னாள் மாணவன், மிருதங்கம் வாசித்தவன் என்பதால் நம் கருநாடக இசை மேதை ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவதோ ஓர் அமெரிக்கக் கித்தார் கலைஞரைப் பற்றி. பகலில் தொழிற்சாலையிலும் இரவில் மதுக்கூடத்திலும் உழைத்து, 45 வயதில் மறைந்தவர் அவர். தமிழ்மொழிக் கழக இதழில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் தொலைத்த தாளத்தை எனக்குத் திருப்பித் தந்தவர் அவர்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேடையில் தொலைந்த சமம்

2004ஆம் ஆண்டு நான் இரண்டாம் ஆண்டு மாணவன். வளாகத்தில் நடந்த கலை இரவில் கீபோர்டு, கித்தார், மிருதங்கம் மூன்றும் சேர்ந்த ஒரு குழுவில் வாசித்தேன். கோயில் வகுப்பில் ஒன்பது ஆண்டு கற்ற அத்தனையையும் அன்றே கொட்டிவிட வேண்டும் என்ற வேகம் எனக்கு. பாடகி மூச்சு விடும் இடத்தில் எல்லாம் நான் புகுந்தேன். கடைசியில் ஒரு கோர்வையை இழுத்து முடித்தபோது பாடகி பல்லவியை எங்கே எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார். சமம் தொலைந்தது. மண்டபம் சிரித்தது. அன்று உறையில் போட்ட மிருதங்கத்தை ஓராண்டு காலம் நான் தொடவில்லை.

மறு ஆண்டு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி கிடைத்தது. 1972இல் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய பிறகு வயலும் கம்பமுமாக இருந்த அந்தப் பகுதி தொழிற்சாலைகளால் நிறைந்தது. என் அப்பாவும் அங்கேதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்தார். எனக்கு இரவு வேலை. தொழிற்சாலைப் பேருந்தில் கேட்பதற்காக விடுதி அண்ணன் ஒருவர் கொடுத்த குறுந்தட்டுதான் 'ஸ்மோக்கிங் அட் த ஹாஃப் நோட்'. அதில் 'நோ புளூஸ்' என்று ஒரு வாசிப்பு, ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம். விமான நிலையச் சாலையில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. கித்தார் ஒரு சிறிய சொற்கட்டைச் சொல்லி நிறுத்தியது. சும்மா இருந்தது. பிறகு அதே சொற்கட்டைச் சற்றுத் தள்ளி வைத்தது. நான் மேடையில் செய்யத் தவறியது அதுதான் என்று எனக்கு உடனே விளங்கியது. யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன்.

ஒரே ஆசான், அவரும் இசைத்தட்டில்

ஜான் லெஸ்லி மான்ட்கோமரி 1923ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபோலிஸில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். லெஸ்லி என்ற பெயரே சுருங்கி வெஸ் ஆனது. அண்ணன் மாங்க் பாஸ் வாசிப்பவர். தம்பி படி பியானோவும் வைப்ரஃபோனும் வாசிப்பவர். சிறுவயதில் அண்ணன் வாங்கித் தந்த நான்கு தந்திக் கித்தாரில் வெஸ் விளையாட்டாக வாசித்தார். ஆறு தந்திக் கித்தாரை அவர் முறையாகக் கையில் எடுத்தபோது வயது ஏறக்குறைய இருபது; திருமணமும் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் சார்லி கிறிஸ்டியன். அதுவரை ஜாஸ் குழுக்களில் கித்தாரின் வேலை பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குக் கோர்டு அடிப்பதுதான். டிரம்பெட், சாக்சபோன் முழக்கத்தில் அதன் ஒலி எடுபடாது. கிறிஸ்டியன் மின்கித்தாரை எடுத்துக்கொண்டு பென்னி குட்மன் குழுவில் முன்வரிசைக்கு வந்தார். 1941இல் பதிவான 'சோலோ ஃப்ளைட்' அவருடைய தனி ஆவர்த்தனம் போன்றது. 1942இல் 25 வயதிலேயே காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

வெஸ்ஸுக்கு இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாது, கடைசிவரை தெரியாது. கிறிஸ்டியனின் இசைத்தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு சோலோவையும் அப்படியே விரலுக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கிடைத்த முதல் மேடை வாய்ப்பே கிறிஸ்டியனின் சோலோக்களை வாசித்துக் காட்டுவதற்குத்தான். அவை தீர்ந்தால் அவருக்கு வாசிக்க வேறு ஒன்றும் இருக்காது! நம் குருகுலத்தில் சொல்லிச் சொல்லி வாங்கும் பாடத்தைப் போன்றதுதான் இது. குரு மட்டும் இசைத்தட்டில் இருந்தார்.

இரவில் வீட்டில் பயிற்சி செய்யும்போது ஒலிபெருக்கியின் சத்தம் மற்றவர்களுக்குத் தொல்லையானது. ஆகவே பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டத் தொடங்கினார். தொல்லையைத் தவிர்க்கச் செய்தது அவருடைய முத்திரையாகிவிட்டது. அந்த வட்டமான, மென்மையான நாதம் வேறு எவரிடமும் இருந்ததில்லை.

மூன்று வேலைக்காரர்

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் பெரிய குழுவோடு நாடு சுற்றினார். விமானத்தில் ஏறப் பயந்தவர் அவர். ஊருக்கு ஊர் காரிலேயே போவார். குடும்பத்தைப் பிரிந்திருக்க முடியாமல் ஊர் திரும்பினார். பிள்ளைகள் ஏழு பேர். காலை 7 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வானொலிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரவு ஒரு மதுக்கூடத்தில் வாசிப்பு. அது மூடிய பிறகு, நள்ளிரவுக்கு மேல், இன்னொரு கூடத்தில் விடியும்வரை வாசிப்பு. ஏறக்குறைய பத்து ஆண்டு இப்படி ஓடியது. இரவு வேலை முடிந்து பாயான் லெப்பாஸில் சிவந்த கண்ணோடு பேருந்துக்கு நின்றவர்களுக்குத்தான் இதன் பொருள் புரியும்.

1959இல் கேனன்பால் ஆடர்லி என்ற சாக்சபோன் கலைஞர் இண்டியானாபோலிஸுக்கு வந்தபோது அந்த நள்ளிரவுக் கூடத்தில் வெஸ்ஸைக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்தின் ஓரின் கீப்நியூஸிடம் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் வெஸ் நியூயார்க்கில் பதிவு செய்தார். 1960 ஜனவரியில் பதிவான 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கித்தார்' அவரை உலகம் அறியச் செய்தது. அப்போது அவருக்கு வயது 36.

அவரிடம் நான் கற்ற தாளம்

நான் கித்தார் கற்கவில்லை. அவருடைய சோலோக்களைச் சொற்கட்டாகச் சொல்லிப் பார்த்தேன். மிருதங்கம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

முதலாவது, மூன்றை நான்கின் மேல் நகர்த்துதல். புளூஸ் என்பது பன்னிரண்டு பார், ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு, மொத்தம் 48 தட்டுகள் கொண்ட சுழற்சி. கையில் நான்காகத் தட்டிக்கொண்டு, வாயில் தட்டுக்கு ஓர் எழுத்தாகத் தகிட, தகிட என்று மூன்றாகச் சொல்லுங்கள். முதல் தகிட தட்டோடு தொடங்கும். இரண்டாவது நான்காம் தட்டில் விழும். மூன்றாவது அடுத்த பாரின் மூன்றாம் தட்டில் விழும். மூன்று பார் முடிந்ததும் மீண்டும் இரண்டும் சேரும். பன்னிரண்டு பாருக்குள் பதினாறு தகிட சரியாக அடங்கி சமத்துக்கு வந்துவிடும். சிறு வாக்கியம் ஒன்றை இப்படித் தாளத்தின் மேல் நகர்த்துவதைக் கிறிஸ்டியனிடமும் கேட்கலாம், வெஸ்ஸிடமும் கேட்கலாம். நாம் கணக்கோடு முடிக்க விரும்புவோம். ஜாஸ் கலைஞர் பல நேரம் பாதியிலேயே விட்டுவிட்டு அடுத்த எண்ணத்துக்குப் போய்விடுவார். இந்த வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எடுப்பு. நம்மிடம் அதீதம், அனாகதம் என்று பெயர் உண்டு. வெஸ் ஒரே வாக்கியத்தை ஒரு முறை தட்டுக்கு முன்பும் மறுமுறை தட்டுக்குப் பின்பும் எடுப்பார். சுரங்கள் மாறாவிட்டாலும் அது புதிதாகக் கேட்கும்.

மூன்றாவது, நடை. ஸ்விங் நடையில் ஒரு தட்டுக்குள் வரும் இரண்டு ஒலிகளில் முதலாவது நீளும், இரண்டாவது குறுகும். அதைத் திஸ்ர நடை என்று எழுதிவிடத் தோன்றும். வேகம் கூடக் கூட அந்த நீளமும் குறுக்கமும் சமமாகிக்கொண்டே வரும். ஆகையால் எழுதிக் கற்க முடியாது. கேட்டுத்தான் கற்க வேண்டும்.

நான்காவது, அடுக்குதல். வெஸ் முதலில் ஒற்றைச் சுரங்களில் வாசிப்பார். பிறகு ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து மீட்டுவார். கடைசியில் முழுக் கோர்டுகளால் வாசிப்பார். ஒவ்வொரு படியிலும் நாதம் கனக்கும். ஆனால் வாக்கியம் எளிமையாகும், இடைவெளி கூடும். 'நோ புளூஸ்' வாசிப்பில் அந்த இடைவெளிகளில் பியானோவில் வின்டன் கெல்லியும், பாஸில் பால் சேம்பர்ஸும், டிரம்ஸில் ஜிம்மி காப்பும் பதில் சொல்கிறார்கள். இடம் விட்டால்தானே பதில் வரும்? 2004இல் நான் அந்தப் பாடகிக்கு இடமே விடவில்லை.

ஜாஸ் கித்தாருக்கும் நம் லயத்துக்கும் உள்ள உறவு என் கற்பனை அன்று. 1970களில் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் கடம் விக்கு விநாயக்ராம் முதலியோரோடு சக்தி குழுவை அமைத்தார். பின்னாளில் கொன்னக்கோலைக் கற்பிக்கும் குறுவட்டு ஒன்றையும் செல்வகணேஷோடு சேர்ந்து வெளியிட்டார். அவர் நம்மிடம் வந்து கற்றார். நான் அவர்களிடம் போய்க் கற்றேன்.

புகழும் முடிவும்

1964இல் ரிவர்சைடு நிறுவனம் நொடித்துப்போனது. அடுத்து சேர்ந்த நிறுவனங்கள் வெஸ்ஸைப் பெரிய வாத்தியக் குழுவோடு பிரபலமான பாட்டுகளை வாசிக்கச் செய்தன. 1967இல் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு வந்த 'எ டே இன் த லைஃப்' மிக நன்றாக விற்றது. ஜாஸ் இரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பழைய நீண்ட சோலோக்கள் இசைத்தட்டில் அருகிவிட்டன. என்னால் அவரைக் குறைசொல்ல முடியவில்லை. ஏழு பிள்ளைகளை வளர்க்க மூன்று வேலை செய்தவருக்கு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலை போதுமானதாக இருந்தது. அதையும் அவர் நீண்ட நாள் அனுபவிக்கவில்லை. 1968 ஜூன் 15ஆம் நாள் இண்டியானாபோலிஸில் தம் வீட்டில் மாரடைப்பால் இறந்தார்.

என் அப்பா 1998இல் 46 வயதில் இறந்தார். அதுவும் மாரடைப்புதான். இரவு வேலை முடிந்து வந்து, விடுமுறை நாளில் கோயில்களுக்கு உருமி மேளம் அடிக்கப் போவார். தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் அவர் அடித்தால் காவடி எடுப்பவரின் கால் தானாக நகரும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டில் விரலால் அடித்துக்கொண்டே சோற்றுக்குக் காத்திருப்பார். மிருதங்க வகுப்புக்குப் போன எனக்கு அது படிக்காத தாளமாகத் தெரிந்தது. ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்கவில்லை. வெஸ்ஸின் சோலோவைப் பேருந்தில் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தட்டுச் சத்தம். அவரும் அடித்துவிட்டு நிறுத்துவார். பிறகு சற்றுத் தள்ளி அடிப்பார்.

வெஸ் புகழ்பெறும் முன்பு ஊரில் வாசித்த பழைய பதிவுகள், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2012இல் இசைத்தட்டாக வந்தன. யாரோ ஒருவர் அன்று பதிவுக் கருவியை அமுக்கியிருந்ததால்தான் அது நடந்தது. என் அப்பாவின் உருமியை யாரும் பதிவு செய்யவில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இன்று பதிவுக் கருவி இருக்கிறது. வெஸ்ஸின் ஒரு சோலோவைத் தேடிக் கேளுங்கள்; ஒரு சுழற்சியை மட்டும் வாயால் சொல்லிப் பழகுங்கள். பிறகு விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, உங்கள் தெருவில் உருமியோ தவிலோ உடுக்கையோ அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவரைப் பதிவு செய்யுங்கள். அவர் நிறுத்தும் இடங்களையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.