தொண்டமான் காணாத திருத்தம்

1913இல் தமிழ்நாட்டில் பிறந்த அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான், 1947இல் நுவரெலியா தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. அவ்வுரிமையை மீட்பதே அவரது அரசியலாயிற்று. 1978இல் அமைச்சரானார். அவர் அமைச்சராக இருந்தபோது வந்த 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடமளிக்கவில்லை. 1999இல் அவர் மறைந்தார். சட்டம் திருந்தியது 2018இல்தான்.

கந்தப்பளையில் நம்மவர் கடைகளும் சபைக்குக் கட்டணம் செலுத்தியே வியாபார அனுமதிப்பத்திரம் பெறுகின்றன. அக்கடைகளை வாழவைப்பது தோட்டத் தொழிலாளியின் சம்பளம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு லயத்துப் பாதைக்கும் போகவேண்டும் என்று கேட்பது நமது கடமையுமாகும்.