எஃப்.ஏ. ஃபெயில்... எஃப்.ஆர்.எஸ். பாஸ்!



நம்மில் யாருக்காவது அரியர் விழுந்தால் உடனே ஓர் ஆறுதல் வரும்: கணித மேதை ராமானுஜனே ஃபெயில்தானே என்று! போன செமஸ்டரில் நானும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் அவருடைய வாழ்க்கையை முழுசாகப் படித்தேன். இப்போது அந்த ஆறுதலைச் சொல்ல வாய் வரவில்லை. ஏன்?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். 1904-ல் கணக்கில் பரிசோடு பள்ளிப் படிப்பை முடித்து, உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார்.

அன்றைக்கு எஃப்.ஏ. தேறினால்தான் பி.ஏ. படிக்கலாம். அதற்கும் மேலே எம்.ஏ. கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது; ஆங்கிலம், உடலியல் எல்லாம் தேற வேண்டும். ராமானுஜனோ கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1907-ல் தனியாக எழுதியும் அதே கதி!

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை யாரும் பேசுவதில்லை நண்பர்களே! டியூஷன் சொல்லிக் கொடுத்தார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காகப் பெரிய மனிதர்களின் வீட்டுப்படி ஏறினார். 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களைக் கடிதமாக எழுதினார். ஹார்டி அசந்துபோனார். வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரும் நோட்டுகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு செய்தார்.

இங்கேதான் சிக்கல்! ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எஃப்.ஏ.கூட இல்லை. ஆனால் ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம்தானே என்ற வாதம் எழுந்தது. விதி வளைந்தது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய்! பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தார்.

1914-ல் கப்பலேறினார். கேம்பிரிட்ஜிலும் வழக்கமான தகுதிச் சான்று இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள். 1916-ல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. ஆராய்ந்தது என்ன தெரியுமா? 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் அதை மீதியின்றி வகுக்கும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தின எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் அந்த ஆராய்ச்சி.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதாவது எஃப்.ஆர்.எஸ். ஆனார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். ஆனால் உடம்பு கெட்டுப்போயிருந்தது. 1919-ல் திரும்பி வந்தவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. கடைசி வருஷத்திலும் கணக்கை விடவில்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். அந்தக் கட்டத்தை ராமானுஜன் நிரப்பவே இல்லை. ஆனால் அவர் கையில் நிரம்பிய நோட்டு இருந்தது. அதைப் படித்துப் பார்க்கவும் சிலர் இருந்தார்கள். அந்தச் சிலர் இல்லாதிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது!

அவர் தோற்றதை மட்டும் நாம் கடன் வாங்குகிறோம், நோட்டை விட்டுவிடுகிறோம். என் அரியரை இந்த முறை முடித்துவிடுவேன். அதோடு ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன். பரீட்சைக்கு இல்லை, எனக்குப் பிடித்த கணக்குக்கு.

நீங்களும் ஒன்று போடுங்கள் நண்பர்களே! நாளைக்கு நம்மில் யாராவது அதிகாரியாக உட்கார்ந்தால், தகுதிக் கட்டம் காலியாக வருகிறவனின் நோட்டையும் ஒரு நிமிஷம் திறந்து பார்ப்போம்!