மெய்ப்பொருள் நாயனார்

மேற்றிசையில் கல்வராயன் மலைத்தொடர் நெடுமதில்போல் ஓங்கி நிற்க, வடபால் தென்பெண்ணையாறு வளஞ்சுரந்து செல்ல, இடையே பரந்து கிடக்கும் நிலப்பகுதி நடுநாட்டைச் சார்ந்ததாகும். 2019-ஆம் ஆண்டு முதல் இது கள்ளக்குறிச்சி மாவட்டம் என வழங்கி வருகின்றது. இம்மாவட்டத்தில், பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த பழம்பதி திருக்கோவலூர். அதனை இக்காலத்தார் திருக்கோயிலூர் என்பர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் திருமுடிக்காரி வீற்றிருந்து ஆண்ட ஊர் அது. மலையமான் நாடு என்பதே மலாடு என மருவிற்று. அந்நாட்டு மன்னர் மலாடர் எனப்பட்டனர். சேதிநாடு என்னும் பெயரும் அதற்கு உண்டு.

அம்மலாடர் குடியில் பின்னாளில் தோன்றிய பேரரசர் ஒருவரை உலகம் மெய்ப்பொருள் நாயனார் என்று போற்றுகின்றது. அவர் கோல் கோடாது குடிகளைக் காத்தார். போர்க்களம் பல கண்டார். பகைவர் படையெடுத்து வந்தபோதெல்லாம் தம் தோள்வலியால் அவர்களை வென்று துரத்தினார். வாளேந்திய கையினராயினும் அவர் உள்ளம் அருளில் தோய்ந்திருந்தது. சிவனடியார் திருக்கூட்டத்தில் தம்மையும் ஒருவராக ஆக்கிக்கொண்டு, அவர்களுக்குத் தொண்டு புரிவதையே பெரும்பேறாகக் கருதினார்.

அத்திருக்கூட்டம் குலமும் செல்வமும் நோக்காத ஓர் உடன்பிறப்பு. அதில் குயவராகிய திருநீலகண்டரும், வேடராகிய கண்ணப்பரும், ஆடை வெளுக்கும் திருக்குறிப்புத் தொண்டரும், வலைவீசி வாழ்ந்த அதிபத்தரும் இடம்பெற்றனர். முடிமன்னரும் அவர்களோடு ஒரே வரிசையில் நின்றனர். திருநீறும் சடைமுடியுமே அவர்களுக்கு அடையாளம். அவ்வடையாளத்தோடு வருபவர் யாவரேயாயினும், அவரைத் தம்மவராகக் கொண்டு பணிதல் வேண்டும் என்பதே நம் மன்னர் மேற்கொண்ட நெறி. அத்திருவேடத்தையே மெய்ப்பொருள் எனக் கொண்டமையால் அவருக்கு அப்பெயர் வாய்த்தது.

அவரிடம் பலமுறை தோற்றவன் முத்தநாதன் என்னும் பகையரசன். யானைகளையும் குதிரைகளையும் வீரர்களையும் போரில் இழந்து அவன் மானமழிந்தான். வாளால் வெல்ல இயலாது என்பதனை உணர்ந்தவன், வஞ்சனையால் வெல்லத் துணிந்தான். மன்னரின் அன்பே அவரை வீழ்த்தும் வழி எனக் கண்டான். உடலெங்கும் நீறு பூசினான், சடைமுடி கட்டினான், சுவடிக் கட்டினுள் கூரிய உடைவாளொன்றை மறைத்துக்கொண்டான். இவ்வாறு புறத்தே தவக்கோலமும் அகத்தே இருளும் உடையவனாய்த் திருக்கோவலூருக்குள் புகுந்தான்.

அடியார்க்கு அரண்மனை வாயில்கள் அடைபட்டதில்லை. காவலர் அனைவரும் வணங்கி வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் என்னும் மெய்க்காவலன் மட்டும், அரசர் துயில்கின்றார், காலமறிந்து செல்லுதல் வேண்டும் எனத் தடுத்தான். முத்தநாதன் அதனைப் பொருட்படுத்தாது உள்ளே நுழைந்தான். அருகிருந்த அரசி அவன் வரவு கண்டு மன்னரை எழுப்பினாள். மன்னர் விரைந்தெழுந்து அடிபணிந்தார். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமநூல் ஒன்றைக் கொணர்ந்திருப்பதாகவும், தனியிடத்திலேயே அதனை உரைத்தல் கூடும் என்றும் முத்தநாதன் கூறினான். மன்னர் அரசியை அந்தப்புரத்திற்கு அனுப்பினார். வந்தவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தாழ்ந்த இடத்தில் அமர்ந்து, நூற்பொருள் கேட்கத் தலைவணங்கினார். அந்நிலையில் அவன் சுவடிக் கட்டை அவிழ்த்து, வாளை உருவி, தான் எண்ணி வந்ததைச் செய்துவிட்டான்.

முதலிலிருந்தே அவன்மேல் கண்வைத்திருந்த தத்தன் நொடிப்பொழுதில் உட்புகுந்து வாளை ஓங்கினான். குருதி பெருக வீழ்கின்ற மன்னரோ தம் நெடுங்கையால் அவனைத் தடுத்தார். வந்தவர் நம்மவரே என்பதனை அவனுக்கு உணர்த்தினார். இவருக்கு இடையூறு நேராதவாறு ஊரெல்லை கடத்தி விடுதலே தமக்குச் செய்யும் பேருதவி என்று ஆணையிட்டார்.

தத்தனுக்கு வாய்த்த கடமையின் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தலைவனை வீழ்த்தியவனைத் தானே உடன்சென்று காத்தல் எளிதன்று. செய்தி பரவவே, நகரமக்கள் சினந்து திரண்டு முத்தநாதனைச் சூழ்ந்தனர். தத்தன் மன்னர் ஆணையைச் சொல்லி அவர்களை விலக்கினான். ஆணையைக் கேட்டோர் சினத்தை அடக்கி வழிவிட்டனர். நகரெல்லை கடந்து, மக்கள் நடமாட்டம் இல்லாத காட்டுவழியில் அவனை விடுத்துத் தத்தன் மீண்டான். அச்செய்தியைக் கேட்கும் பொருட்டே மன்னர் உயிர் தாங்கியிருந்தார். தத்தன் செய்த உதவிக்கு இணையில்லை எனப் பாராட்டினார். அரசியல் மேற்கொள்வோர் அடியார்பால் கொண்ட அன்பினின்றும் வழுவாதொழுகுமாறு உரைத்து, இறைவன் திருவடியைச் சிந்தித்து உயிர்நீத்தார்.

வஞ்சகனை அடியவனாகக் கருதியது அறியாமையன்றோ எனச் சிலர் வினவலாம். வாள் பாயும்வரை அவர் அறியாதிருந்தார் என்பது உண்மையே. பாய்ந்தபின் அறியாதிருக்க வழியில்லை. அறிந்த பின்னரும் அவர் தம் நெறியை மாற்றிக்கொள்ளவில்லை. முத்தநாதனுக்கு அவ்வேடம் பொய். மன்னருக்கோ அது மெய். பிறனொருவன் பொய்யன் ஆயினான் என்பதற்காகத் தாம் கொண்ட வாய்மையை அவர் கைவிடவில்லை. களத்தில் பகைவரை வெல்லுதல் வீரர் பலர்க்கும் இயலும். சினமும் பழியுணர்வும் பொங்கும் நேரத்தில் தம்மையே வெல்லுதல் மிகச் சிலர்க்கே இயலும். அந்த வெற்றி, பல போர் வென்ற மன்னருக்குக் கடைசியாகக் கிட்டிய வெற்றியாயிற்று.

இம்மாவட்டத்திலேயே உள்ள திருநாவலூரில் பிறந்த சுந்தரர், அடியார் பெயர்களைத் தொகுத்துப் பாடிய திருத்தொண்டத்தொகையில் இவரையும் வைத்துப் போற்றினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இவர் வரலாற்றை விரித்துரைத்தார். கார்த்திகை மாத உத்திர நாளில் இவருக்குக் குருபூசை நிகழ்கின்றது. சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் இவர் கைகூப்பி நிற்கக் காணலாம். அவருக்கு இருபுறமும் நிற்போருள் உழைத்துண்ட எளியோரும் உளர். தாம் விரும்பிச் சேர்ந்த கூட்டத்திலேயே அம்மன்னர் இன்றும் நிற்கின்றார்.