முதல் ஊசி தமக்கே

காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலை, செப்புத் திருமேனிகள் வார்க்கும் ஊர். இங்குள்ள ஸ்தபதிகள் முதலில் மெழுகால் உருவம் செய்வர்; அதன்மீது வண்டல்மண் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அதன் வடிவம் மட்டும் மண்ணச்சில் தங்கும். தடுப்பூசியின் இயல்பும் இத்தகையதே. செலுத்திய மருந்து மறைந்தபின்னும், நோய்க்கிருமியின் அடையாளம் உடலின் நினைவில் தங்குகிறது. பின்னர் உண்மையான கிருமி நுழைந்தால், உடல் அதனை இனங்கண்டு எதிர்க்கிறது. இவ்வறிவை இந்திய மக்களுக்குப் பயன்படச் செய்தவர்களுள் ஒருவர், வால்டெமர் ஹாஃப்கின்.

இவர் 1860ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார், விலங்கியல் பயின்றார். யூதர் என்பதால் தாய்நாட்டில் பேராசிரியராகும் வாய்ப்பு இவருக்கு அடைபட்டது. பாரிஸ் சென்று, பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் நூலகப் பணியில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்தார். காலராத் தடுப்பூசியை உருவாக்கியதும், 1892 ஜூலை 18 அன்று அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

1893இல் இந்தியா வந்து, கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் தடுப்பூசி இட்டார். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ஹாஃப்கின் அங்கு விரைந்து, சிறியதோர் ஆய்வறையில் இரவு பகலாக உழைத்து, சில திங்களிலேயே தடுப்பூசி கண்டார். 1897 ஜனவரி 10 அன்று அதனையும் தமக்கே முதலில் செலுத்திக்கொண்டார். அதன்பின்னரே, பைகுல்லாச் சிறையில் தாமே முன்வந்தவர்களுக்கு அது இடப்பட்டது.

1902இல் பெருந்துயர் நேர்ந்தது. பஞ்சாபின் மல்கோவால் என்னும் சிற்றூரில், ஒரே குப்பியிலிருந்து தடுப்பூசி பெற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் ரணஜன்னியால் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. அவர் பணியினின்று விலக்கப்பட்டார். அக்குப்பியைத் திறந்த இடத்திலேயே கிருமி கலந்திருக்கக்கூடும் என்பதை அறிஞர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர். தரையில் விழுந்த இடுக்கி ஒன்று முறையாகத் தூய்மை செய்யப்படாமல் பயன்படுத்தப்பட்டிருந்தது. ரொனால்டு ராஸ் முதலியோர் அவருக்காக வாதிட்டனர். 1907இல் பழி நீங்கியது. அவர் மீண்டும் இந்தியாவிற்கே பணியாற்ற வந்தார். 1925இல் பம்பாய் ஆய்வகம் அவர் பெயரைப் பெற்றது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் மறைந்தார்.

அன்று ரணஜன்னிக்குத் தடுப்பூசி இல்லை, இன்று உண்டு. அதன் கிருமி மண்ணில் வாழ்வது. வயலில் தைக்கும் முள்ளும், அரிவாள் வெட்டும் அதற்கு வழியாகலாம். ஆகவேதான் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய இரண்டையும் தடுக்கும் டிடி ஊசி 10 வயதிலும் 16 வயதிலும் கட்டணமின்றி இடப்படுகிறது. பதினோராம் வகுப்பு மாணவர் பலருக்கும் இதுவே அவ்வயது. ஊசியைக் குறித்து ஐயம் எழுதல் இயல்பு. அதனைச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிதல் நன்று. தெளிந்தபின் தயங்காது கைநீட்டுதல், தம்மையே முதலில் சோதனைக்கு உட்படுத்திக்கொண்ட அவ்வறிஞருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.