மதுரையை எதிர்த்து ஜெயித்த 'கிழவன்'... புதுக்கோட்டைக்கு ராஜா கொடுத்தவரும் இவர்தான்! யார் இந்த கிழவன் சேதுபதி?

ராஜாவை எதிர்த்து ராஜா ஆவது இங்கிலாந்து கதைகளில் மட்டும் நடப்பதில்லை. அங்கே 1399-ல் இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு அரியணை ஏறினார் அவருடைய சித்தப்பா மகன் நான்காம் ஹென்றி. நம்ம மறவர் சீமையிலும் அப்படி ஒருத்தர் உண்டு. அவர்தான் ரகுநாத கிழவன் சேதுபதி.

சேதுபதிகளின் வேலை ராமேஸ்வரம் போகும் சேது வழியைக் காவல் காப்பது. ஆனா அவர்கள் சுதந்திர மன்னர்கள் இல்லை. மேலே மதுரை நாயக்கர் இருந்தார். அவருக்குக் கப்பம் கட்டணும், போர் வந்தா படை அனுப்பணும். கிழவன் பட்டத்துக்கு வந்தது 1670-களில். வயசான பிறகு வந்ததால்தான் இந்தப் பெயர் என்பது பரவலான விளக்கம். ஆனா அதுக்கப்புறம் 30 வருஷத்துக்கும் மேல் ஆண்டார்!

ஆரம்பத்தில் அவர் விசுவாசிதான். மதுரையை ருஸ்தம் கான் என்ற தளபதி கைக்குள் போட்டுக்கொண்டு சொக்கநாத நாயக்கரை முடக்கியபோது, அவரை மீட்கப் போனவர்களில் கிழவனும் ஒருவர். அதுக்கு 'பரராஜகேசரி' என்ற பட்டமும் கிடைத்தது. தன்னால்தான் மதுரையே பிழைத்தது என்று தெரிந்துகொண்ட ஒருத்தர், அதே மதுரைக்கு எவ்வளவு நாள் கைகட்டி நிற்பார்?

போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டை கட்டினார். வடக்கே புதுக்கோட்டையில் இருந்த பல்லவராயர் தஞ்சை பக்கம் சாய்கிறார் என்ற சந்தேகத்தில் அவரை நீக்கினார். அந்த இடத்தில் தன் மனைவி காதலி நாச்சியாரின் அண்ணன் ரகுநாத ராய தொண்டைமானை உட்கார வைத்தார். வருஷம் 1686. மைத்துனருக்குக் கொடுத்த அந்தப் பொறுப்புதான் பிறகு புதுக்கோட்டை சமஸ்தானம் ஆனது.

அருளானந்தர் விவகாரம்

மதுரையை எதிர்க்கத் துணிந்தவர் தனக்குக் கீழே இருந்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்? இங்கேதான் கதை இருட்டாகுது. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய தடியத் தேவர், போர்ச்சுகல் நாட்டு இயேசு சபை பாதிரியார் ஜான் டி பிரிட்டோவிடம், அதாவது நமக்குத் தெரிந்த அருளானந்தரிடம், ஞானஸ்நானம் வாங்கினார். ஒரே மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். புகார் நேரா அரண்மனைக்குப் போனது.

மத விவகாரம், குடும்ப மானம், கூடவே ஒரு போட்டியாளருக்குப் பின்னால் ஆள் சேருமோ என்ற பயம். மூணும் ஒண்ணாச் சேர்ந்தது. இதில் மூணாவதுதான் ராஜாவை அதிகம் உறுத்தியிருக்கும் என்று தோன்றுகிறது. ஏன்னா, அருளானந்தரை ராமநாதபுரத்தில் வைத்துத் தண்டிக்காமல், தள்ளி இருக்கும் ஓரியூருக்குத் தன் தம்பியிடம் அனுப்பிவிட்டார். 1693 பிப்ரவரி 4-ம் தேதி அங்கே அவர் தலை வெட்டப்பட்டது.

அதனால் இயேசு சபையின் வேலை நின்றுவிடவில்லை. நாலே வருஷத்தில், 1697-ல், இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் பூஷே பாதிரியார் தேவாலயம் கட்டினார். அருளானந்தர் 1947-ல் புனிதர் ஆனார்.

ராணி மங்கம்மாளுடன் மோதல்

மதுரையில் அப்போ ஆட்சி ராணி மங்கம்மாள் கையில். சேதுபதியை அடக்க தளவாய் நரசப்பையா தலைமையில் 1702-ல் படை போனது. படை தோற்றது, தளவாயே களத்தில் செத்தார். அதுக்கப்புறம் ராமநாதபுரம் மதுரைக்கு அடங்கிய சீமை இல்லை.

1710-ல் கிழவன் இறந்தார். அவருடன் 47 மனைவியர் தீயில் இறங்கியதாக அக்கால இயேசு சபைக் கடிதம் பதிவு செய்திருக்கிறது. படிக்கவே மனசு பதறுது.

கதை இதோட முடியல. அடுத்த 20 வருஷத்துக்குள் வாரிசுச் சண்டை. கிழவனின் மகன் பவானி சங்கரனை எதிர்த்து, தஞ்சை மராட்டியர் உதவியோடு கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் கிளம்பினார்கள். 1730 வாக்கில் சீமை உடைந்து, சசிவர்ணருக்கு சிவகங்கை கிடைத்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் சேதுபதிக்குக் கீழே நிற்கவில்லை. தனி ராஜாக்களாகவே 1948 மார்ச் 3-ல் இந்தியாவுடன் இணையும் வரை இருந்தார்கள்.